பஸ்ஸர் வாயில் ஒரு ஸ்டிக்கர்

என் அன்பு மாமிக்கு, உங்கள் மருமகளின் சலாம்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். இதையும் நானே எழுதி, நானே உங்களுக்கு வாசிக்கிறேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் காதில் விழுந்தால் விழட்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. கீழே பட்டறையில் இப்போது பள்ளிக்கூடப் பை தைக்கிறோம். உங்கள் மகன் கூலிக்குத் தைக்கும் பையனோடு காலை எட்டு மணிக்கே இரண்டு மெஷினையும் ஓட்ட ஆரம்பித்துவிடுகிறார், தாராவியே அதிர்கிறது. ஏணி ஏறிப் போகும் மேல்தட்டு மாலாவில், நீங்கள் படுத்திருந்த மூலைக்கு நேராக ஒழுகிக்கொண்டிருந்த தகரத்தை மாற்றிவிட்டோம். நீங்கள் இருந்தபோது மாற்றத் தோன்றவில்லை, பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓர் அதிர்ச்சி, மாமி. உங்களைத் தவிர யாரிடம் சொல்ல?

நான் செய்து கொடுத்த மணியை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கவாதம் வந்தபின் உங்கள் குரல் உள்ளே போய்விட்டது. மெஷின் சத்தத்தில் நீங்கள் மேலேயிருந்து கூப்பிடுவது கீழே கேட்காது. செல்போனில் வீடியோ பார்த்து, ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டும் சுவிட்சும் பஸ்ஸரும் வாங்கி நானே சேர்த்தேன். சுவிட்ச் உங்கள் கையில், பஸ்ஸர் கீழே அடுப்பு மூலையில், நடுவே ஏணியை ஒட்டி ஒயர். கரண்ட் கொடுத்தாலே கத்துகிற வகைப் பஸ்ஸர் அது, சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிது. நீங்கள் அதற்கு சில்வண்டு என்று பெயர் வைத்தீர்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாவதோடு நின்றவள் மணி செய்திருக்கிறாள் என்று சந்து முழுக்கக் கூட்டிவந்து காட்டினேன்.

சில நாள் சமையலை முடித்து நானாக மேலே ஏறி வருவேன். உங்கள் விரல் சுவிட்சின் மேல் இருக்கும். ரொம்ப நேரமாகவா அமுக்குகிறீர்கள் என்று கேட்பேன்.

“இல்லம்மா, இப்பத்தான் அமுக்குனேன்” என்பீர்கள்.

நானும் நம்பினேன்.

கடைசி நாள் மதியம் கஞ்சியோடு ஏறி வந்தபோது நீங்கள் போயிருந்தீர்கள். சுவிட்ச் உங்கள் கைக்குள் இருந்தது. ஓதும்போது தஸ்பீஹ் மாலையைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். நான் செய்த பொருள்மேல் உங்களுக்கு அவ்வளவு பிரியம் என்று மௌத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதேன். அழுகையிலும் எனக்குப் பெருமைதான்.

நீங்கள் போனபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மாட்டுங்காவில் பெண்களுக்கு ஞாயிறுதோறும் இந்த போர்டு வேலை சொல்லித் தருகிறார்கள், அதில் சேர்ந்தேன். ஐரோலியில் வேலை பார்க்கும் ஒரு மராத்திக்கார மேடம் எடுக்கிறார். போன வாரம் பஸ்ஸர் பாடம். எனக்குத்தான் தெரியுமே என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆளுக்கொரு பஸ்ஸரைக் கையில் கொடுத்து, முதலில் மேலே ஓட்டையை மூடியிருக்கும் ஸ்டிக்கரை உரியுங்கள் என்று இந்தியில் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தண்ணீர் படாமல் இருக்கத்தானே ஸ்டிக்கர் என்று கேட்டேன். ஆமாம், ஆனால் அது தொழிற்சாலையில் போர்டைக் கழுவும்போது மட்டும்தான், அப்புறம் உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் வாயைப் பொத்திக்கொண்டு கத்துகிற மாதிரி என்றார். உரித்தேன். ஒயரைத் தொட்டேன். பக்கத்தில் இருந்தவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

நம் வீட்டுப் பஸ்ஸரில் ஸ்டிக்கர் இருந்தது, மாமி. கடைசிவரை இருந்தது. என் பெருமையைக் கேட்ட சந்து இதையும் கேட்கட்டும்.

நீங்கள் தூங்குகிறீர்களே என்று, மணி செய்த அன்றைக்கு வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்தேன். அவர்கள் உரிக்கச் சொன்னது எனக்கு எப்படிக் கேட்கும்? ஸ்டிக்கரில் இங்கிலீஷில் வாஷிங் என்று ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. நம் வீடோ ஒழுகுகிற வீடு. தண்ணீர் போகாமல் இருக்கட்டும் என்று கட்டைவிரலால் இன்னும் அழுத்தி ஒட்டிவிட்டேன். ஓட்டிப் பார்த்தது வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்காக மெஷின் நின்ற நேரம். அப்போது நன்றாகத்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்து உங்கள் மகனிடம் சொன்னேன். அவர் தைப்பதை நிறுத்தினார். ஏதாவது திட்டுவார் என்று நினைத்தேன்.

“சீன்னு ஒரு சத்தம் வரும், கொசு கணக்கா” என்றார். “மெஷின்தான் எண்ணெ கேக்குதுன்னு நெனச்சு விடுவேன்.”

“கடைசி நாளும் விட்டியளா?”

அவர் எண்ணெய் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு தடவ விட்டேன்.”

ஒரு நொடியில் உயிர் போயிருக்கும், பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதைத்தான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடியில் போகிறவர் இரண்டு தடவை அமுக்குவாரா, மாமி? உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது? தண்ணீரா? மகன் முகமா? குரல் இருந்த நாளில் குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் சந்துக்கே கேட்கும்படி ஏசுவீர்களே, இதற்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பீற்றிக்கொண்டு அலைகிறவளின் மனம் நோகக் கூடாது என்றா?

எத்தனை “இப்பத்தான்” பொய் என்று இனி எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வி தன் அப்பாவுக்கும் இதேபோல ஒரு மணி கேட்கிறாள். ஆப்பரேஷன் முடிந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். நேற்று நானே போய், செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. ஸ்டிக்கரை முதலில் உரிப்பேன். செல்விக்குக் கொடுக்குமுன் நம் வீட்டிலேயே மாட்டிப் பார்ப்பேன், வெள்ளிக்கிழமை அல்ல. கீழே இரண்டு மெஷினும் ஓடட்டும். மாலாவில் உங்கள் பாயில் நான் படுத்துக்கொண்டு சுவிட்சை அமுக்குவேன். உங்கள் மகன் எண்ணெய் டப்பாவை எடுக்காமல் ஏணி ஏறி வரும்வரை விரலை எடுக்க மாட்டேன்.

கூப்பிட்டும் வராத
உங்கள் மருமகள்
ஜன்னத்