நீல ஷீட் போட்ட வீடு

ஏப்ரல் 20, திங்கள்

காற்றே இல்லை. தடைக்காலம் தொடங்கி ஆறாம் நாள். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் வலை சரி செய்ய என்று காலையிலேயே கரைக்குப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்று: ரேஷன் பாமாயில் (வரவில்லை). மகள் பிரின்சி சுடிதாருக்குக் கை பிரிக்க. மாலை 6, மகளிர் குழுக் கூட்டம், நம் வீட்டில்.

கூட்டத்தில் குழுவைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம். மீதி முழுக்க என் வீட்டுக் கூரை. ஜனவரியில் ஓலையைப் பிரித்து நீல ஷீட் போட்டதிலிருந்து இந்தத் தெருவுக்கு நான்தான் கூரை இன்ஜினியர். கேட்டவை:

உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காதா? (வெறும் துத்தநாகம் பூசியது சீக்கிரம் பிடிக்கும், அலுமினியம் கலந்த பூச்சு வாங்குங்கள் என்றேன். கடைக்காரர் சொன்னது. உண்மை.)

இடி விழுமா? (தகரம் என்பதற்காக இடி தேடி வராது. இதுவும் கடைக்காரர்.)

புயலுக்குப் பறக்குமா? (ஓரத்தில் ஸ்குரூ நெருக்கமாக அடிக்க வேண்டும். ரப்பர் வாஷர் முக்கியம்.)

மழைச் சத்தம்? (கொஞ்சம் கேட்கும், பழகிவிடும் என்றேன். ஜனவரியில் பெய்த ஒரே மழையில் அவரும் நானும் கை ஜாடையில்தான் பேசினோம். அதைச் சொல்லவில்லை.)

சூடு?

கடைசியாகக் கேட்டது எதிர்வீட்டுச் செலின் அக்கா. மகள் ஜெனி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மே கடைசியில் நாள். தாயும் பிள்ளையும் இருப்பதற்காகப் பின்னறை ஓலையை எடுத்துவிட்டு, என்னுடையது மாதிரியே நீல ஷீட் போடப்போகிறார்.

"சூடா? சும்மா சொல்றாகக்கா. சிலுசிலுன்னு இருக்கு."

என் வாய்தான் சொன்னது. பிரின்சி டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

வெயில். பதினொரு மணிக்கே சுவரில் கை வைக்க முடியவில்லை. பிரின்சி டைப்பிங் வகுப்புக்கு. வழக்கம்போல் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயில் வேப்பமரத்தடி. யாராவது கேட்டால் ஜெபமாலை சொல்ல வந்தேன் என்பேன். ஊர் என்னைப் பக்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

பதினொன்றிலிருந்து நாலரை வரை என் வீட்டுக்குள் ஒரு வெளி ஆளை விட்டதில்லை. மூன்று மணிக் குழுக் கூட்டத்தை ஆறுக்கு மாற்றியதும் அதற்குத்தான். தீர்மானப் புத்தகத்தில் 'உறுப்பினர்களின் வசதிக்காக' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வெட்கங்கெட்டவள்.

இங்கேயாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும். கடைக்காரர் அன்றைக்கே சொன்னார். "வெள்ளைக் கலர் போடுங்கக்கா, சூடு கொறயும். அடியில பஞ்சு ஒட்டுன ஷீட்டு இருக்கு. இல்லாட்டி உள்ள சீலிங் போர்டு அடிங்க." என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். நான்தான், வெள்ளை போட்டால் வீடு ஐஸ் கம்பெனி மாதிரி இருக்கும் என்றேன். மாதா சேலை நீலம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். போர்டுக்குப் பதிலாக வாசலுக்குப் பூப்போட்ட கிரில் கேட்.

ரோட்டில் நின்று பார்த்தால் அழகுதான். ரயிலில் வந்தாலே தெரியும் என்று அண்ணனிடம் போனில் பீற்றிக்கொண்டது வேறு.

ஏப்ரல் 22, புதன்

குழாயடியில் ஜெனி. முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கி. என்னைப் பார்த்ததும் சிரிப்பு.

"அத்த, நீங்க சொன்னதுனாலதான் எங்கம்மா துணிஞ்சுச்சு. தொட்டி கட்ட மேல கம்பியும் வைக்கச் சொல்லிட்டேன்."

தொட்டில். அந்த ஷீட்டுக்கு நேர் கீழே. பிறந்து ஒரு வாரப் பிள்ளை, அக்கினி முடிந்தும் வெயில் தணியாத நேரம்.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் அளவு கொடுக்கிறார்களாம். அளவுக்கு வெட்டிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். என் குடம் நிறைந்து வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை, பின்னால் நின்றவள் கத்தினாள்.

அவரிடம் சொன்னேன். "போயிச் சொல்லிரு" என்றார். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாமாயில் வந்துவிட்டது.

ஏப்ரல் 23, வியாழன்

சொல்லிவிட்டேன். செ. அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, ஷீட்டு வேணாம். சூடு தாங்க முடியல. நான் சொன்னது பொய்யி."

நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார்.

"ஏத்தா சகாயம், தெருவுக்கே ஒன் வீடு ஒண்ணுதான் நீலமா நிக்கணுமாக்கும்?"

"மாதா சத்தியமாக்கா."

"நாலு மாசமா சிலுசிலுன்னு இருந்த வீடு, நான் போடப்போறேன்னதும் சுட ஆரம்பிச்சுருச்சா? போ, போயி வேலயப் பாரு."

உள்ளேயிருந்து ஜெனி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். பொறாமைக்காரி என்று நினைத்திருப்பாள். எனக்குக் கோபம் பொங்கியது, அழுகையும். பொய் சொன்னபோது உடனே நம்பினாரே. யாரை நோக?

மதியம் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

மேகம் இல்லை. காற்று இல்லை. இன்றைக்கு அதுவும் நல்லதுதான்.

இரண்டு மணி. செ. அக்காவின் வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பியாயிற்று. அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "பத்து நிமிசம் ஒக்காருங்கக்கா. அப்புறம் என்னய என்ன வேணாலும் சொல்லுங்க." பூட்டைத் திறந்தேன். வேறு யாருக்கும் இந்த நேரத்தில் திறந்ததில்லை.

உட்கார்ந்தார். ஃபேன் அனலை வாரி இறைத்தது. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றாமலே வளைந்து கிடந்தது. ஐந்து நிமிடத்தில் அக்காவின் ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. போனை எடுத்தார். "ஏங்க, அளவு குடுக்காதீக. ஒண்ணும் கேக்காதீக, வந்துருங்க."

எனக்கு உயிர் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. மூலையில் பிரின்சியின் மேசையைப் பார்த்தார். பிளஸ் டூ டைம்டேபிள் இன்னும் சுவரில். மேசைக்கு அடியில் வாளி.

"அது என்னத்துக்கு?"

"தண்ணி ஊத்திக் கால உள்ள வச்சுக்கிட்டுப் படிப்பா."

"இதுக்குள்ளயா அந்தப் புள்ளய பரிச்சைக்குப் படிக்க வச்ச?"

அவர் கடலில். நான் வேப்பமரத்தடியில். பிப்ரவரிக் கடைசியிலிருந்து படிப்பு லீவு முழுக்க அவள் இதற்குள். யாராவது வந்தால் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறது என்று சொல்லவும் அவள்தான். அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஐந்து மணிக்குப் பிரின்சி வந்தாள். கேட்டேன். "ஏண்டி, ஒரு நாளாச்சும் சுடுதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான எல்லாருகிட்டயும் சிலுசிலுன்னு இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்த. எனக்குத்தான் ஒடம்புக்கு ஏதோ சரியில்ல போலன்னு நெனச்சேம்மா."