ஐஸ் பெட்டிக்குள் பச்சோந்தி

ஐப்பசி 12, ஞாயிறு

காலையில் உப்பளத்தை ஒட்டிய முந்திரித் தோப்பில் ஒரு பெண் பச்சோந்தி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் முட்டையிடத்தான் அது மரத்தை விட்டு இறங்கும். சென்னையிலிருந்து வந்த போட்டோகிராபருக்கு நான்தான் அதைக் காட்டினேன்.

அவர் அதைப் பிடித்து ஐஸ் பெட்டிக்குள் போட்டார்.

"வயித்துல முட்டை இருக்குதுங்க சார், விட்டுடுங்க."

"பத்து நிமிஷம்தாம்பா. குளிர்ல அசையாது, படம் நல்லா வரும். மூடியப் புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன்.

வெளியே எடுத்தபோது கறுத்துப்போயிருந்தது. கிளையில் நிற்கவில்லை. நூலால் கட்டி நிறுத்திப் படம் எடுத்தார். அவிழ்த்த பிறகு, தோண்டிய குழியருகிலேயே அசையாமல் கிடந்தது.

சாயங்காலம் படத்தை அனுப்பினார். 'இயற்கையில் கண்ட அரிய காட்சி' என்று போட்டு, எனக்கு நன்றியும் சொல்லியிருந்தார்.

"எவ்ளோ அழகா இருக்குது!" என்றாள், போனை எட்டிப் பார்த்த மனைவி.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.