பதினான்கு கடிதங்களை மூடிய மஞ்சள் அறிவித்தல்

அனுப்புநர்:
திருமதி மைக்கல் மரிய கொறற்றி,
பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) உதவியாளர்,
கீழ்ப்பிரிவு, உடுகந்தத் தோட்டம்,
மாத்தளை மாவட்டம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
உடுகந்த.

விடயம்: தமிழ்ப் பிரிவுக் கணினியில் ஐந்து மாதங்களாகத் தோன்றிவந்த மென்பொருள் 'அப்டேட்' அறிவித்தல் பற்றிய முறைப்பாடும், அதன் பேரில் திரு. ஜமால்தீன் அவர்களுக்கு வழங்கப்பட்டுள்ள இடமாற்றத்தை இரத்துச் செய்யக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

இம்மனுவை நானே கையால் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் யாருக்காவது தமிழில் மனு எழுத வேண்டுமென்றால் தங்கள் அலுவலகத்து ஜமால்தீன் அவர்களிடம்தான் போவோம். இம்முறை மனுவே அவரைப் பற்றியது என்பதால் அவரிடம் போக வழியில்லை. சற்று நீண்டுவிட்டது, பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

1. கடந்த 12.09.2025 வெள்ளிக்கிழமை தங்கள் அலுவலகத்தின் தமிழ்ப் பிரிவுக் கணினியில் பொதுமக்களின் பதினான்கு கடிதங்கள் இல்லாமற் போனதைத் தாங்கள் அறிவீர்கள். அது முகாமைத்துவ உதவியாளர் ஜமால்தீன் அவர்களின் கவனயீனம் என்று முடிவுசெய்யப்பட்டு, ஒக்டோபர் 15ஆம் திகதி முதல் அவர் கலேவெலப் பக்கத்துக்கு மாற்றப்படுவதாக அறிகிறேன். ஐயா, அன்று அந்தக் கணினியில் பொத்தானை அழுத்தியவள் நான். அவர் அப்போது அறையிலேயே இல்லை.

2. அவர் வேலை செய்யும் விதத்தை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். நாம் சொல்லச் சொல்ல அவர் கடிதத்தைத் தட்டச்சு செய்வார். ஆனால் அன்றைக்கே அச்செடுத்துத் தரமாட்டார். அவசரக் கடிதங்கள் வேறு. ஒருவர் மேல் ஒருவர் போடும் முறைப்பாடு என்றால் இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார். திரும்பிப் போனதும் முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். பாதிப் பேர் அந்த இடத்திலேயே சில வரிகளை எடுக்கச் சொல்வார்கள். சிலர் கடிதமே வேண்டாம் என்று போய்விடுவார்கள். முன்பொரு காலத்தில் கோபத்தோடு வந்த ஒருவருக்கு உடனே எழுதிக் கொடுத்து, அதனால் ஒரு குடும்பம் எட்டு வருடம் பேசாமல் இருந்ததாம். அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

3. அந்த இரண்டு நாளும் கடிதம் கணினியில் திறந்தபடியே இருக்கும். அவர் அதைச் சேமிப்பதில்லை. சேமித்தால் அலுவலகம் முழுவதும் பார்க்கும் பொதுக் கோப்புறைக்குள் போய்விடுகிறதாம். சொந்தக்காரர் சம்மதம் சொல்லாத கடிதம் அரசாங்கத்தின் கையில் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கணினி தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது எங்களுக்கு அது பெரிய மரியாதையாகவே தெரிந்தது. தோட்டத்துக் குடும்பச் சண்டையை நாலு பேர் பார்க்காமல் காப்பாற்ற வேறு யார் இவ்வளவு பாடுபட்டார்கள்?

4. இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். அந்த எழுதும் மென்பொருள் வருடச் சந்தாவுக்கு எடுத்தது. கடந்த ஏப்ரல் முதல் அதன் மேற்பக்கத்தில் ஒரு மஞ்சள் பட்டை தோன்றி, புதிய அப்டேட் இருக்கிறது, எல்லாவற்றையும் மூடினால் போட்டுவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் மூடினால் கடிதங்கள் போய்விடும். ஆகவே அவர் ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்பதை அழுத்துவார். கணினியை நிறுத்தி மறுபடி போட்டாலாவது போகுமா என்று, ஒரு கடிதமும் திறந்திராத நாளாகப் பார்த்து அதையும் செய்திருக்கிறார்; அன்று அப்டேட்டுக்கும் சம்மதித்தாராம், அது பாதியில் நின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் பட்டை மறுபடியும் வந்து நின்றது. தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு இரண்டு தடவை எழுதினார். ஜூன் மாதம் ஒருவர் வந்து பார்த்தார். அப்டேட்டைக் கடமை நேரத்துக்குப் பிறகு நடக்கும்படி மாற்றலாம், ஆனால் அதற்கு மேலிடத்துக் கடவுச்சொல் வேண்டும், அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடவுச்சொல் இன்றுவரை வந்து சேரவில்லை. தம் கடமையைச் செய்யாதவர்கள் அப்படியே இருக்க, இரண்டு கடிதம் எழுதியவர் மாற்றலாகிப் போகிறார் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. சம்பவத்தன்று எனக்கு இரண்டு நாள் தவணை முடிந்திருந்தது. என் கடிதத்தை வாசித்துக் கேட்கப் போயிருந்தேன். அவர் ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும் நேரம். வெளியே நல்ல மழை. என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் குடையோடு போனார். வெளியாளைக் கணினிக்குப் பக்கத்தில் விட்டுப் போவது ஒழுங்கல்ல என்று தாங்கள் சொல்வீர்கள், அது சரிதான். மழையில் ஒரு பெண்ணை வெளியே நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

6. சிறிது நேரத்தில் திரையின் நடுவில் ஒரு பெரிய கட்டம் வந்தது. அதில் நிமிடங்கள் குறைந்துகொண்டே போயின. நான் சாதாரண தரம் வரை படித்தவள். அப்டேட், இப்போது என்ற இரண்டு சொற்களும் விளங்கின. என் கைத்தொலைபேசியும் இப்படித்தான் கேட்கும், கொடுத்துவிட்டால் பேசாமல் இருக்கும். ஐந்து மாதமாக அந்த மனிதர் இதனோடு படும் தொல்லையைப் பார்த்து வந்தவள், ஒரு உதவி செய்வோமே என்று அழுத்தினேன். உடனே கடிதங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து, சேமிக்கவா, வேண்டாமா என்று கேட்டன. எனக்குத்தான் அவர் கொள்கை தெரியுமே. அதற்கு மாறாக நடந்துவிடக் கூடாது என்று மிகுந்த கவனத்தோடு 'சேமிக்க வேண்டாம்' என்பதை அழுத்தினேன். ஒருமுறை அல்ல, ஐயா, பதினான்கு முறை அழுத்தினேன். வேலை நன்றாக முடிந்தது என்று சந்தோஷமாகவும் இருந்தேன்.

7. அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. கதிரையில் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் செல்வி ஹம்சிகாவைக் கூட்டிவந்தார். சேமிக்காத கடிதங்களையும் மென்பொருள் சில நாள் ஓரிடத்தில் ஒளித்து வைத்திருக்குமாம். அந்தப் பிள்ளை மாலை வரை தேடி ஒன்பதை மீட்டுத் தந்தார். மீதி ஐந்து ஏன் அங்கே இல்லை என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

8. அந்த ஐந்தில் ஒன்று என்னுடையது. பக்கத்து வீட்டிலிருக்கும் என் அக்கா நிஷாந்தினி குழாய்த் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டதாகக் கிராம உத்தியோகத்தருக்கு எழுதிய கடிதம். ஜமால்தீன் அவர்கள் அதை மறுபடி எழுதித் தர அன்றே தயாராக இருந்தார். நானும் சொல்லத் தொடங்கினேன். அப்பா எங்கள் இருவருக்குமாகப் போட்ட குழாய் என்ற இடத்துக்கு வந்ததும் என்னால் மேலே சொல்ல முடியவில்லை. முதல் தடவை சொன்னபோது இருந்த கோபம் இரண்டாம் தடவை வரவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் நேரே பேசினேன். காலையில் அவர்களுக்கு, பகல் இரண்டு மணிக்குப் பிறகு எங்களுக்கு என்று தண்ணீர் இப்போது வருகிறது.

9. மற்ற நால்வரையும் நான் போய்ப் பார்த்தேன். மூவர் மறுபடி வந்து கடிதம் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு முறைப்பாடு இல்லை என்று எழுதிய தாளில் கையொப்பம் வாங்கி இத்துடன் இணைத்துள்ளேன். நான்காமவர் பல்லேபொலையைச் சேர்ந்த திரு. ரிஸ்வி. சீகிரியாவில் முச்சக்கரவண்டி நிறுத்தும் இடத்துக்கான அவருடைய விண்ணப்பம், ஒரு விபரம் கொண்டுவருவதற்காக அன்று பாதியில் நின்றிருந்தது; அது போனதால் கடைசி நாள் அவருக்குத் தவறிப்போனது. தங்களிடம் முறையிட்டவர் அவர்தான். அவர் கோபம் நியாயமானது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நிற்கவைத்து நன்றாக ஏசினார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இடமாற்றச் செய்தியைச் சொன்னதும் என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பிறகு, "தங்கச்சி, நான் அந்த மெஷினுக்குத்தான் முறைப்பாடு போட்டேன். அந்த மனுசனுக்கு இல்ல" என்றார். அழைத்தால் தங்கள் முன்னிலையிலும் அதைச் சொல்ல வருவதாகச் சொன்னார். அவருக்கு விண்ணப்பத்துக்கு இன்னொரு தவணை கிடைக்கத் தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் என் பாரம் பாதி குறையும்.

10. ஐயா, விசாரணையின்போது இதை ஏன் ஜமால்தீன் அவர்களே சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். நானும் கடந்த வாரம் அவரைக் கேட்டேன். தங்களுக்குக் கொடுத்த விளக்கக் கடிதத்தில், தானே தவறுதலாக அழுத்தியதாக எழுதிவிட்டாராம். நான் அழுதுவிட்டேன். அவர் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே சொன்னது இதுதான்: "உங்க பேர எழுதினா அரசாங்கச் சொத்துல கை வெச்சதா சொல்லி பொலிஸ் வரைக்கும் இழுப்பாங்க. பிள்ளைக்காம்பரா வேலையும் போயிரும். எனக்கு என்ன, இன்னொரு பஸ் ஏறணும், அவ்வளவுதானே."

ஆகவே, கீழ்க்காண்பவற்றைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

(அ) திரு. ஜமால்தீன் அவர்களின் இடமாற்றத்தை இரத்துச் செய்தல். அவர் போனால் தமிழில் கடிதம் எழுதத் தங்களுக்கு வேறொருவர் கிடைப்பார். எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்ட யார் கிடைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

(ஆ) ஜூன் மாதம் வருவதாகச் சொன்ன கடவுச்சொல்லை வரவழைத்து, அப்டேட்டைக் கடமை நேரத்துக்குப் பிறகு நடக்கும்படி மாற்றுதல். அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் காட்ட வழியுண்டு என்று செல்வி ஹம்சிகா சொல்கிறார், அதையும் செய்தல்.

(இ) இரண்டு நாள் காத்திருக்கும் கடிதங்களுக்கென்று அவர் மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்புறை கொடுத்தல். சேமிக்க அவரைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு.

(ஈ) என்னை விசாரணைக்கு அழைத்தல். ஞாயிறு தவிர எந்த நாளும் வருவேன். பொலிஸுக்குப் போக வேண்டுமென்றாலும் போவேன். பயமில்லை என்று சொன்னால் அது பொய், பயத்தோடுதான் வருவேன்.

நாங்கள் கோபத்தில் கூட்டிச் சொல்வதையெல்லாம், இது உண்மைதானா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டு, இல்லையென்றால் எடுத்துவிடுகிறவர் அவர். இத்தனை வருடத்தில் யாருடைய கடிதத்திலும் உண்மையல்லாத ஒரு சொல்லை அவர் விட்டுவைத்ததில்லை. தன்னுடைய கடிதத்தில் மட்டும் ஒன்றை விட்டுவிட்டார். 'நான் அழுத்தினேன்' என்று அவர் எழுதியிருக்கும் இடத்தில் என் பெயரை எழுத அனுமதி தாருங்கள், ஐயா.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) மை. மரிய கொறற்றி

இடம்: உடுகந்த
திகதி: 29.09.2025

இணைப்பு: மூவரின் கையொப்பமிட்ட தாள் – 1