தோல் பட்ட தண்ணீர்

இன்று கச்சேரி ரோடு வழியாக வந்தேன். உங்கள் தெருமுனையிலேயே தார் காய்ச்சும் நாற்றம் மூக்கில் ஏறியது. உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே புத்தம்புதுக் கை பம்பு. உன் அப்பா பக்கத்தில் நின்று, "இடுக்கு விடாம பூசுங்கோ, கொசு பொல்லாதது" என்று ஆட்களை விரட்டினார். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து அவருக்குக் கொசு பொல்லாததாகிவிட்டது.

சுகாதார இலாகாவில் நாம் பார்த்தது கொசு பிடிக்கிற உத்தியோகம். மேலதிகாரிகளுக்கோ கூவமும் குப்பமும்தான் கண்ணில் படும். நாற்றமடிக்கிற இடத்தில்தானே மலேரியாக் காய்ச்சல் இருந்தாக வேண்டும்! கடற்கரையில் ஒரு மீன்காரி உன்னை மடக்கி, "நாங்க மீனுக்கு வலை போட்றோம், நீ கொசுவுக்குப் போட்டுகினு கீறியா நைனா?" என்று கேட்டதும், நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

நீதான் கிணறுகளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாய். மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பிக்கொண்டிருந்த காலம். கிரகப்பிரவேசம் முடிவதற்குள் புது வீட்டுக் கிணற்றில் ஒரு தனி ஜாதிக் கொசுவின் புழு நெளியும். "இது வயக்காட்டுக் கொசு இல்லடா, வந்தேறி. நம்மளோட சேர்ந்து பட்டணத்துல மனை வாங்கிண்டு வரது" என்றாய். பிறகு உன் படுக்கையறைச் சுவரில் பிடித்த ஒன்றை ஊசிமுனையால் பிளந்து, எச்சில் சுரப்பியை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைக் கூப்பிட்டாய். மலேரியாக் கிருமி இழை இழையாகக் கிடந்தது. நான் சந்தோஷத்தில் கத்தினேன். நீ, "ஆத்துல அவ மாசமா இருக்காடா" என்று மட்டும் சொன்னாய்.

கிணற்றை மூடிப் பம்பு வைத்தால் தீர்ந்தது. ஆனால் பம்புக்குள் தோல் வாஷர் இருக்கிறதே. உன் அப்பா குதித்தார். "செத்த மாட்டுத் தோல் பட்ட ஜலத்துல பெருமாளுக்குத் திருமஞ்சனமா? நம்ம கிணத்து ஜலம் ஸ்படிகம்டா!"

"ஸ்படிகமா இருக்கறதுனாலதாம்ப்பா அந்தக் கொசு வரது" என்றாய் நீ.

தோலுக்குப் பதில் ரப்பரை வெட்டிப் போட்டாய், பிய்ந்தது. கித்தானை எண்ணெயில் ஊறவைத்து மடித்துப் போட்டாய், தண்ணீர் வந்தது. அவரும் அரைமனதாகச் சம்மதித்து மூடி போடவிட்டார். நாம் காபி கிளப்பில் அல்வா தின்று கொண்டாடினோம்.

பிறகு உன் தாத்தாவின் திவசம் வந்தது. மடித் தண்ணீரைக் கயிறும் குடமுமாகத்தான் சேந்த வேண்டும் என்று மூடியைக் கழற்றினார்கள். "நாளைக்கு மூடிக்கலாம்" என்றார் அப்பா. அடுத்து அமாவாசை, அதற்கப்புறம் ஏதோ விரதம். மூடி கொல்லைச் சுவரில் சாய்ந்தே கிடந்தது. நீ கெஞ்சினாய், சண்டை போட்டாய், ஒன்றும் நடக்கவில்லை. மனைவியைத் தஞ்சாவூருக்குப் பிறந்தகம் அனுப்பிவிட்டு நீ மட்டும் அங்கேயே இருந்தாய். உனக்கும் குளிர்காய்ச்சல் கண்டு மூளைக்கு ஏறியது. கொய்னா மருந்துக்கும் அது அடங்கவில்லை. உன் மகளை நீ பார்க்கவே இல்லை.

உன் காரியங்களுக்கும் அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் சேந்தினார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் உன் அப்பா, "ஆபீஸ்லேர்ந்து ஒட்டிண்டு வந்துது. அந்த உத்தியோகம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சிண்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று அவரிடம் கேட்டேவிட்டேன். "இதுல இருக்கறதும் தோல் வாஷர்தானே மாமா?"

"என்னப்பா பண்றது? கார்ப்பரேஷன் நோட்டீஸ் வந்துடுத்து. அபராதம் போடுவானாம்."

அபராதத்துக்கு வளைந்த ஆசாரம் பெற்ற பிள்ளைக்கு வளையவில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாயெடுத்தேன். ஆனால் காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்த அந்தக் கடைசி மத்தியானம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிணத்தாலதான்னு அப்பாகிட்ட சொல்லிடாதேடா. தாங்க மாட்டார்" என்றாயே. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் நன்றாகத்தான் இருக்கிறார். என்னால்தான் தாங்க முடியவில்லை.