முப்பத்தேழு போட்ட அட்டை

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

எங்கள் உளவியல் துறைக்கு நாற்பது வயதாகிறதாம். மலர் போட வேண்டுமாம். அதில் துறையின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். தலைவர் ரேணுகா காலையில் கூப்பிட்டுச் சொன்னார். இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இருபத்து மூன்று வருடமாக இதே படியில் ஏறி இறங்குகிறவள் வேறு யார்? சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன்.

மத்தியானம் பாண்டீஸ்வரி வந்தாள். எம்.எஸ்சி. இரண்டாமாண்டு, நாச்சியாபுரத்துப் பிள்ளை. மருத்துவமனைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தாள், பட்டியலில் இல்லை. அதற்கு மன உறுதிச் சோதனையில் நாற்பது வேண்டும். அவளுக்கு முப்பத்தெட்டு. திருத்தியதும், 'அ. அடைக்கலமேரி' என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஒரு மில்லின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருக்கிறோம். மருத்துவமனைப் பயிற்சி இல்லாவிட்டால் மேலே மருத்துவ உளவியலுக்கு அவள் விண்ணப்பிக்கவே முடியாது. அதற்காகத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன் என்றாள்.

"உனக்குப் படிப்பு இருக்கு, பிடிவாதம் இருக்கு. நோயாளிகிட்ட உட்கார வேற ஒண்ணு வேணும்மா" என்றேன்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. 2003-இல் அப்போதைய தலைவர் காசிவிஸ்வநாதன் சார் எனக்குச் சொன்ன அதே வாக்கியம். அந்த 'ம்மா' உட்பட. எனக்கு அன்று வந்த மார்க் முப்பத்தேழு.

காலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். மேசையும் சேர்ந்து ஆடுகிறது.

செப்டம்பர் 10, புதன்

வீட்டில் அருளிடம் பாண்டீஸ்வரி கதையைச் சொன்னேன். "உன்னைவிட ஒரு மார்க் கூடவா?" என்றார். கல்யாணமான புதிதில் இந்த மதிப்பெண்ணை இவரிடம் உளறியது என் தப்பு. நான் குரலை உயர்த்தினால் "முப்பத்தேழு வந்துருச்சு" என்பார். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எப்போதும் நானும் சேர்ந்து சிரிப்பேன். இன்று தட்டைக் கழுவப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

வகுப்பில் சாருடைய புகழ்பெற்ற வரைபடம். 2002 முதல் நம் மாணவர்களின் மன உறுதி சரிந்தது, காரணம் கைபேசி. டில்லியிலும் கொழும்பிலும் அவர் கைதட்டல் வாங்கிய உரை அது. வருடா வருடம் நானும் அதைத்தான் நடத்துகிறேன். இன்று முகேஷ் எழுந்து, "மேம், 2002-ல எங்க ஊர்ல டவரே கிடையாதாமே" என்றான். வகுப்பே சிரித்தது. உட்காரச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

வரலாறு எழுதப் பழைய பதிவேடுகளை இறக்கினேன். முகேஷ் கேட்டது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்ததால் ஆண்டுவாரியாகச் சராசரியை நானே எழுதிப் பார்த்தேன். 2001 வரை நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று போகிறது. 2002-இல் முப்பத்துநான்கு. அதற்குப் பிறகு எல்லா வருடமும் முப்பத்துநான்கை ஒட்டியே. வீட்டுக்கு வீடு கைபேசி வந்த பிறகும் அதேதான். கொரோனாவிலும் முப்பத்துநான்குதான்.

சரிவு என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே இறங்கும்? இது ஒரே படி.

செப்டம்பர் 18, வியாழன்

ஓர் ஊர்ப் பிள்ளைகளின் மனசு ஒரே வருடத்தில் எட்டு மார்க் இறங்குமா என்ன?

செப்டம்பர் 29, திங்கள்

ஆயுத பூஜைக்காக ஆய்வகத்தைச் சுத்தம் செய்தோம். உதவியாளர் முத்தரசு பீரோவின் அடித்தட்டிலிருந்து தினத்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து, தூக்கிப் போட்டுவிடலாமா என்றார். பிரித்தேன். கரையான் அரித்த பழைய திருத்தும் அட்டை.

எங்கள் சோதனையில் அறுபது கேள்வி, மூன்று பத்தி. ஒவ்வொரு கேள்விக்கும் இடப்பக்கம் 'ஆம்', வலப்பக்கம் 'இல்லை'. விடைத்தாள் மேல் ஓட்டை வெட்டிய அட்டையை வைப்போம். ஓட்டை வழியாகத் தெரிகிற டிக்குகளை எண்ணினால் மதிப்பெண். இந்த அட்டை ஆசிரியர்களிடம் மட்டும்தான் இருக்கும். பழையதைக் கரையான் அரித்ததால் அதைப் பார்த்துப் புதிதாக வெட்டியதுதான் இன்றுவரை ஓடுகிறது.

சும்மா, ஒரு வேடிக்கைக்கு, புதியதைப் பழையதன் மேல் வைத்தேன். முதல் இரண்டு பத்தி அச்சாகப் பொருந்தியது. மூன்றாவது பொருந்தவில்லை. பழையதில் 'ஆம்' பக்கம் இருக்கும் ஓட்டை புதியதில் 'இல்லை' பக்கம். இருபதும் அப்படியே. பழைய அட்டையில் அந்த மூன்றாவது துண்டு மட்டும் தனியாக ஒடிந்திருக்கிறது. அதைக் கவிழ்த்துப் போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது.

நகல் எடுத்த ஆள் ஒடிந்த துண்டைக் கவிழ்த்து வைத்து வரைந்திருக்கிறது. உறுதியான பிள்ளையாக இருந்தால் அந்தப் பத்தியில் மொத்தமும் பறிபோகும். இருபத்து மூன்று வருடமாக! "எந்த மடச்சாம்பிராணி வெட்டுனது இதை" என்று முத்தரசு எதிரிலேயே கத்திவிட்டேன். புதிய அட்டையைத் திருப்பினேன்.

மூலையில், குங்குமக் கறைக்கு அடியில் நீல மை. 'நகல்: அ. அடைக்கலமேரி, முதலாண்டு, 14.8.2002.'

செப்டம்பர் 30, செவ்வாய்

நினைவு வந்துவிட்டது. உன் கை சுத்தமாக வெட்டும் என்று சொல்லி, கேள்வித்தாளைக் காட்டாமல் அட்டையை மட்டும் சார் கொடுத்தார். பிளேடும் ஸ்கேலும் வைத்து ஹாஸ்டலில் இரண்டு நாள் வெட்டினேன். அறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். எவ்வளவு பெருமை!

என் பழைய விடைத்தாளைத் தேடி எடுத்தேன். முதல் இரண்டு பத்தியில் முப்பத்தைந்து. மூன்றாவதில் இரண்டு என்று போட்டிருக்கிறது, பதினெட்டு வர வேண்டும். மொத்தம் ஐம்பத்து மூன்று. பாண்டீஸ்வரிக்கு ஐம்பத்துநான்கு.

ரேணுகாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். நவம்பரில் துறையை மதிப்பிட ஆய்வுக் குழு வருகிறது. "புது அட்டை வெட்டிக்கிருவோம் மேடம். இத்தனை செட்டுப் பிள்ளைகளையும் இப்பக் கூப்பிட்டு என்னன்னு சொல்லுவீக?"

இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆத்திரத்தோடு உட்கார்ந்தால் அம்மா ஞாபகம்தான் வருகிறது. 2019. ஆறு நாள் அம்மா மருத்துவமனையில் கிடந்தார்கள். தங்கச்சி ஆன் மேரி உள்ளே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வராந்தாவில். மருந்து வாங்க ஓடினேன், டாக்டரிடம் பேசினேன், எல்லாம் செய்தேன், உள்ளே மட்டும் போகவில்லை. எனக்கு அந்தத் தெம்பு கிடையாதுடி, உனக்குத்தான் தெரியுமேன்னு அவகிட்டச் சொன்னேன். அவளும் தலையாட்டினா. எல்லாருக்கும்தான் தெரியுமே, மேரிக்கு முப்பத்தேழு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. முத்தரசு எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். நான் வெட்டிய அட்டைக்கும்தான். அதன் மூலை முழுக்க வருடாவருடம் வைத்த குங்குமம் ஏறிக் கிடக்கிறது. எல்லோரும் கும்பிட்டோம். பொரிகடலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கண்டனூர் போனேன். காசிவிஸ்வநாதன் சாருக்கு எழுபத்தெட்டு. அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டு அறை மட்டும் திறந்திருக்கிறது. அவர் மனைவி தேனம்மை ஆச்சி காபி கொடுத்துவிட்டு, "அவுகளை ரொம்பப் பேச வைக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு அட்டையையும் அவர் முன்னால் வைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். துண்டைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். அப்படியென்றால் கைபேசி இல்லையா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். யார் வெட்டியது என்றார். நான்தான் என்றேன்.

பூதக்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டார். பிறகு சொன்னார்: "உன் தாளைத் திருத்துனப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு மேரி. ஹாஸ்டல்ல ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து, எல்லாரும் ஓடிப்போனப்ப நீ மட்டும் மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. நான் பாத்தேன். இந்தப் பிள்ளைக்கா முப்பத்தேழுன்னு நினைச்சேன். ஆனா அட்டை சொல்லுதே."

அந்த வலிப்பு எனக்கு மறந்தே போயிருந்தது. அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டு, அட்டை சொன்னதை எனக்குச் சொல்லியிருக்கிறார். கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்த? பாண்டீஸ்வரியை மூன்று செமஸ்டராகப் பார்க்கிறேனே, நான் என்ன செய்தேன்?

கிளம்பும்போது மலரில் எழுதப்போகிறாயா என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும் சார் என்றேன். "நான் போனபிறகு எழுதேன். இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றார். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அவர் மேல் இருந்த கோபம் அப்படியே இருக்கிறது, அழுகையும் வருகிறது.

அக்டோபர் 4, சனி

நாச்சியாபுரம். பாண்டீஸ்வரியின் அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைக்குப் போய்விட்டார். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியது நான் என்பதையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் போல. மூஞ்சி இறுகிப்போயிற்று.

"அம்பத்திநாலு வந்துருச்சு, அனுப்புறீக. சரி. நெசமாவே முப்பத்தெட்டு வந்திருந்தா அனுப்பியிருக்க மாட்டீகள்ல?"

எழுந்து போனவள் திரும்பி நின்றாள்.

"எதுக்கு இதுக்கு வந்தேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா மேம்?"

இப்போது கேட்டேன். அவள் உள்ளறைக் கதவைப் பாதி திறந்தாள். அவளுடைய அண்ணன் கண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆறு வருடமாக வாசலைத் தாண்டியதில்லையாம். "டீச்சர் வந்திருக்காக, டீ போடப்போறேன். உனக்கு இப்பவா, பெறகா?" என்றாள். அவசரமே இல்லாத குரல். பதில் வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் இருக்கும். "பெறகு" என்றான்.

எந்த அட்டையில் எந்த ஓட்டை வழியாக இதை எண்ணுவது?

அக்டோபர் 6, திங்கள்

துறைக் கூட்டம். நானே எழுந்து சொன்னேன். அட்டையைக் கையோடு கொண்டுபோய் என் கையெழுத்தைக் காட்டிவிட்டதால் யாருக்கும் சத்தம் போட வாய்ப்பில்லாமல் போயிற்று. ஒரு மணிநேரம் வாதம். கடைசியில், இனி நாற்பது என்ற விதி கிடையாது. கேட்கிற பிள்ளைகளை இரண்டு வாரம் அனுப்புவது, கூட ஓர் ஆசிரியர் இருந்து பார்ப்பது, பிறகு முடிவு செய்வது. பழைய மாணவர்களுக்குக் கடிதம் போடவும் ரேணுகா ஒப்புக்கொண்டார். முகம்தான் பேயறைந்த மாதிரி இருந்தது.

மருத்துவமனைக்கு யார் கூடப் போவது என்றார்கள். இத்தனை வருடம் அந்தக் கேள்வி வரும்போது குனிந்து பையில் எதையாவது தேடுவேன். இன்று கையைத் தூக்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமைகள். அடுத்த மாதம் முதல்.



அக்டோபர் 17, வெள்ளி

வரலாற்றை முடித்துக் கொடுத்துவிட்டேன். பதினோரு பக்கம். ஆறாம் பக்கத்தில்: '2002 ஆகஸ்டில் மன உறுதிச் சோதனையின் திருத்தும் அட்டை பிழையாக வெட்டப்பட்டது. வெட்டியவர் இக்கட்டுரையாளர். அந்த ஆண்டு முதல் வழங்கிய மதிப்பெண்களும் அவற்றை வைத்துச் செய்த ஆய்வுகளும் செல்லாதவை.' சாரின் பெயரை அந்தப் பத்தியில் எழுதவில்லை. யாருடைய ஆய்வு என்று எல்லோருக்கும் தெரியும். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அக்டோபர் 30, வியாழன்

விழா. சார் வரவில்லை. அவுகளுக்கு மேலுக்குச் சரியில்லை என்று ஆச்சி போனில் சொன்னார். குரலில் வழக்கமான 'மேரி' இல்லை.

கடிதத்துக்கு இதுவரை நான்கு பதில். மூன்றில் நலம் விசாரிப்பு. சந்திரலேகா என்று 2011 செட்டு, ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஒரே வரி எழுதியிருக்கிறாள்: 'இதை வைத்துக்கொண்டு இப்போது நான் என்ன செய்ய மேம்?'

மூன்று தரம் பதில் எழுதி மூன்று தரமும் அழித்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஆன் மேரியும் நானும் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவளிடம் அட்டைக் கதையைச் சொன்னேன். காற்றுக்கு அணையாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டே கேட்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

மருத்துவமனை. பாண்டீஸ்வரி பத்து மணிக்கே வார்டில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கவனித்ததைக் குறிக்கும் நோட்டை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். பழக்கம்.

கடைசிக் கட்டிலில் ஒரு வயதான அம்மா. கூட யாரும் இல்லை. மகன் மாத்திரை வாங்கப் போயிருக்கிறான் என்று நர்ஸ் சொன்னார். அந்த அம்மா கையை மட்டும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரி திரும்பி என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

உள்ளே போனேன். நோட்டைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன். வறவறவென்று சூடாக இருந்தது. "வந்துட்டியா?" என்றார். யாரை நினைத்தாரோ. "வந்துட்டேன்" என்றேன். மகன் வரும்வரை ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். மயக்கம் வரவில்லை. கால்கூட ஆடவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

ஒன்றுமே ஆகியிருக்காது அம்மா. ஆறு நாளும் நான் உள்ளே வந்திருக்கலாம்.