இடம் மாறும் மேசை

இஞ்சேருங்கோ,

வுப்பர்டாலில் உங்கள் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. ஹம்பேர்க்கில் மழை.

பட்டறைக்கு ஒரு சின்ன எழுத்து மேசை திருத்த வந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் யாரோ ஒரு சீமாட்டிக்குச் செய்தது. நான் தனியாகவே தூக்கலாம். வெளிச்சம் வேண்டுமென்றால் யன்னலோரம், குளிர்ந்தால் அடுப்போரம் என்று கொண்டுபோய் வைத்து எழுதத்தான் இவ்வளவு சின்னதாகச் செய்தார்களாம். நானும் காலையிலிருந்து அதை இடம் மாற்றி மாற்றி வைக்கிறேன். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு ஒரு மூலையில் கிளம்பி நிற்கிறது. பசையைச் சூடாக்குகிறேன், ஒட்டப் போவதற்குள் ஆறிவிடுகிறது. முதலாளி வீட்டுக்குப் போகச் சொல்கிறார். வீட்டில் போய் என்ன செய்ய? அவர் கண்டால் கத்துவார், ஆனாலும் இந்த மேசையில் வைத்தே எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்த ஆள். ஜெர்மனில் நினைத்துத் தமிழில் சொல்வீர்கள். தினமும் வாசலில் நின்று "போறன்" என்பீர்கள். "அப்பிடிச் சொல்லக் கூடாது, போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ" என்று நான் கத்துவேன். சிரித்துக்கொண்டு திருப்பிச் சொல்வீர்கள்.

சண்டைக்குப் பிறகு அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கும் பையோடு நின்று "போறன்" என்றீர்கள். நான் திருத்தவில்லை. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றீர்கள். எதற்காக நின்றீர்கள் என்று இன்றைக்குத்தான், பசை திரும்பவும் ஆறும்போது, எனக்கு விளங்கியது.

போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ.

இப்படிக்கு,
திருத்துகிறவள்