காற்றுமானி பதில் சொல்லும்வரை

உங்கள் நிரலில் அந்த எண்ணை அப்படி வெறுமனே ஏன் எழுதினீர்கள்? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் பழைய கணினிப் பெட்டி என் மேசையில் திறந்து கிடக்கிறது. உப்புவெளி ஊரின் மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் கடலைப் பார்த்தபடி இருந்த பெட்டி. மூடியைக் கழற்றியதும் துருவும் ஈரத்தூசியும் கலந்த மணம் அறை முழுக்கப் பரவியது. உப்புக்காற்று உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிட்டது. வயர்களை நீங்கள் கறுப்பு ஒட்டு ரேப்பால் சுற்றிய சுற்று மட்டும் இளகவில்லை.

கூரைக் கம்பத்தில் காற்றுமானி, தெருவைப் பார்த்து ஒரு மின்பலகை, இரண்டுக்கும் நடுவே இந்தக் கணினி. காற்றுமானியிடம் வேகத்தைக் கேட்டு வாங்கும் ட்ரைவர் நிரலை எழுதியவர் நீங்கள். அதில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. ஒரே வகுப்பில் படித்து, ஒரே கல்லூரியில் படிப்பித்து, ஒரே அறையில் இருந்தோம். கடைசிவரை ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றுதான் அழைத்தோம்.

கச்சான் காற்றுக்காகத்தான் அந்தப் பலகை. அது தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத் தண்ணீர் தட்டுப்போலக் கிடக்கும். அதை நம்பிச் சிறிய படகில் வெளியே போனவருக்குத் திரும்பி வருவதுதான் பாடு. சங்கத்துக்கு எதிரே இடியப்பம் விற்கும் செல்வமக்காவின் கணவருடைய படகு அப்படிச் சிறியது. அவர் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படகின் இயந்திரத்தைத் தோளில் தூக்குவார்.

சென்ற மாதம் உங்கள் கணினி செத்துப்போனது. சங்கத்தார் புதியது வாங்கித் தந்தார்கள். புதிய இயந்திரத்தைப் பழைய இயங்குதளத்துக்கு அடையாளம் தெரியவில்லை. புதிய இயங்குதளத்தைப் போட்டால் அதன் அடியில் இருக்கும் கேர்னலுக்கு உங்கள் நிரலைத் தெரியவில்லை. நீங்கள் கூப்பிட்ட செயற்கூறுகளில் சிலவற்றின் பெயர் மாறியிருந்தது. சில அடியோடு இல்லை. கம்பைல் செய்யும்போது திரை முழுவதும் பிழை. பிழைகளுக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கடைசிப் பிழையும் போய்ப் பலகை ஒளிர்ந்தது. சங்கத் தலைவர் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார்.

இரண்டொரு நாள் கழித்துப் பிற்பகலில் அந்தப் பக்கம் போனேன். சந்தியில் திரும்பியதும் காற்று என் குடையை மறுபக்கம் புரட்டிவிட்டது. பலகை இளங்காற்று என்றது. செல்வமக்கா இடியப்பப் பெட்டியை மூடிக்கொண்டு சிரித்தா.

“மிஸ், உங்கட மெஷின் காத்தில்லையெண்டு சொல்லுது. குடையிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.”

பிறகு சிரிக்காமல், விடிய இவர் இதைப் பார்த்துப்போட்டுத்தான் போகப்போறார் என்றா.

பலகையை அணைத்துவிட்டு நிரலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கேர்னல் ஒரு பெயரை மாற்றினால் உடனே சத்தம் போடும். ஓர் அளவை மாற்றினால் வாயே திறக்காது. உங்கள் நிரல் காற்றுமானியிடம் வேகத்தைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் நேரமாகச் சொல்லவில்லை. கேர்னலின் துடிப்புகளாக எண்ணிச் சொல்லியிருந்தீர்கள். பழைய கேர்னல் ஒரு செக்கனில் நூறு தடவை துடித்தது. புதியது ஆயிரம் தடவை துடிக்கிறது. எண் அதேதான், காத்திருப்பு பத்தில் ஒன்றாகிவிட்டது. காற்றுமானி வாயெடுக்க முன்னமே கேட்டவர் எழும்பிப் போய்விடுகிறார். எப்போதாவது ஒரு பதில் தப்பி வந்து சேர்ந்தால், அடுத்தது வரும்வரை பலகை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். அன்று பிற்பகல் நான் பார்த்தது காலையில் வந்த காற்று.

இதை எழுதியவர் நீங்கள் என்பதைத்தான் என்னால் நம்பமுடியவில்லை. வாய்மொழிப் பரீட்சையில் கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். எனக்குப் பொறுக்காது, நானே பதிலின் பாதியைச் சொல்லிவிடுவேன். வெளியே வந்ததும் சொல்வீர்கள்: “கேட்டுப்போட்டு ஓடிராதீங்க மிஸ். அதுக்குப் பதில் வாறதுக்கு நேரம் குடுங்க.” துடிப்பை எண்ணிக் காத்திருக்கக்கூடாது, அது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்று வகுப்பில் படிப்பித்தவரும் நீங்கள்தான். யாராவது அப்படி எழுதிக்கொண்டு வந்தால், தம்பி வேறு ஊர் மணிக்கூட்டைக் கட்டியிருக்கிறார் என்று பகிடி பண்ணுவீர்கள்.

உங்களை அடக்கம் செய்த அன்று கிண்ணியாவில் உங்கள் வீட்டுக்கு வந்து பெண்களோடு உள்ளே இருந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, காற்றுமானிக் கம்பம் நட்ட காலத்திலேயே உங்களுக்கு நோய் தெரியும் என்றா. அதை எங்கள் ஒருவருக்கும் நீங்கள் சொல்லவில்லை. கிண்ணியாப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருவீர்கள். சில நாள் பிந்துவீர்கள். பாலத்தில் மாடு நின்றது என்பீர்கள். நான் அந்த மாடுகளை நம்பினேன்.

ஆகவே இப்போது அந்த எண்ணைப் பார்க்கும்போது மனம் ஒரு பக்கம் ஓடுகிறது. அன்றைக்குக் களைத்திருந்தீர்களா? ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தீர்களா? ஒரு எண்ணை வைத்து ஒருவருடைய உடம்பை வாசிக்க ஏலாது என்று எனக்குத் தெரியும். சுகமாக இருக்கிறவர்களும் இப்படி எழுதுவார்கள். பிறகு மாற்றலாம் என்று விட்டிருப்பீர்கள். இருந்தாலும் அந்த வரியைப் பிழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. திருத்தினேன், அவ்வளவுதான். துடிப்பை விட்டு நேரத்தைச் சொன்னேன். நீங்கள் நினைத்த காத்திருப்பு முழுதாகத் திரும்பி வந்தது.

இன்னொன்றும் செய்தேன். அது உங்களுக்குப் பிடித்திராது. பதில் வராவிட்டால் பலகை என்ன காட்டவேண்டும் என்று நாம் பிடித்த சண்டை நினைவிருக்கும். பழைய எண்ணே நிற்கட்டும், வெறும் பலகையைக் கண்டால் சனம் பிறகு அந்தப் பக்கமே திரும்பாது என்றீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே போடவேண்டும் என்றேன் நான்.

“உங்கட சந்தேகத்தை ஊருக்கே எழுதிப் போடச் சொல்லுறீங்க,” என்று சிரித்தீர்கள்.

“ஓம். போட்டா என்ன?”

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சனம் பலகையை நம்பியது உங்கள் வழியில்தான். ஆனால் அந்தப் பிற்பகலுக்குப் பிறகு செல்வமக்காவின் முகத்தைப் பார்த்து அதை அப்படியே விட எனக்கு ஏலவில்லை. இப்போது பதில் வராவிட்டால் பலகையில் ‘தெரியாது’ என்று வரும். நிரலின் தலைப்பில் எழுதியவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. அதன்கீழ் என் பெயரையும் சேர்த்தேன். அந்தத் ‘தெரியாது’வால் ஒரு பழி வந்தால் அது உங்களைச் சேரக்கூடாது.

இப்போது மாணவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டு நானும் மின்விசிறியைப் பார்க்கிறேன். உங்களளவு நேரம் ஏலவில்லை. பழகுகிறேன்.

நிரலை மாற்றிய மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். விடியற்காலை நான் போய்ச் சேர்ந்தபோது பலகையில் ‘தெரியாது’ என்று இருந்தது. இரவுப் பனி காற்றுமானியின் வயர் இணைப்புக்குள் இறங்கியிருந்தது. பலகையைப் பார்க்காமலே இரண்டு படகுகள் போய்விட்டிருந்தன. மத்தியானம் தாண்டி, நனைந்து, இரண்டும் திரும்பி வந்தன. விடியற்காலை அங்கே என்னைக் கண்டதும் செல்வமக்கா, படிச்ச ஆக்கள் செய்த மெஷின் எண்டா இப்பிடித்தான் என்றா. அவவின் கணவர் பலகையை வாசித்தார். தோளிலிருந்த இயந்திரத்தை இறக்கி மணலில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் குந்தினார். நான் மேலே ஏறி இணைப்பைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். எண் வந்தது. கச்சான் நல்ல வேகம். அவர் எழும்பி, அதை இன்னொருமுறை பார்த்து, இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.